போபோடியில் காதில் விழுந்த சொல்

“சனி. காலை 7.50. போபோடி. சந்தில் இடது கண்ணாடி எதிலோ உரசி மடங்கியது. யார் மீதும் படவில்லை. தூறல். மீட்டர் 41,386.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், என் காரில் வைத்திருக்கும் நோட்டில் நான் எழுதிய குறிப்பு இது. தேதியும் அதில் இருக்கிறது. இதில் வரும் ஒருவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் இங்கே தரவில்லை. பழைய நாட்குறிப்புகளைத் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நடந்ததை அன்றைக்கே, நேரத்தோடு எழுதிவிட வேண்டும் என்று அவற்றிலிருந்து கற்றுக்கொண்டேன். அன்றும் அப்படித்தான், சிக்னலில் நின்ற நேரத்தில் எழுதினேன். ஆனால் அந்தக் குறிப்பில் ‘யார் மீதும் படவில்லை’ என்ற வாக்கியம் பொய். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஊர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். புனேயில் சாங்வியில் தங்கி, சாகணில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை பார்த்துவந்தேன். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய சிறிய காரை வாங்கி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மராத்தியில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘எவ்வளவு’ ஆகிய மூன்று சொற்கள் தெரியும். இந்தி தட்டுத்தடுமாறி வரும்.

அன்று காலை அறைத்தோழியை கட்கி ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு, நெடுஞ்சாலையைப் பிடிக்க, புனேயின் போபோடிப் பகுதியில் ஒரு சந்தில் நுழைந்தேன். வலப்பக்கம் காய்கறித் தள்ளுவண்டி. இடப்பக்கம் சாக்கடை ஓரமாக ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். நடுவில் போய்விடலாம் என்று நினைத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். இடது கண்ணாடி உள்பக்கமாக மடங்கிவிட்டது. பிரேக் போட்டு நின்றேன். பின் கண்ணாடி முழுக்க மழைத்துளி, ஒன்றும் தெரியவில்லை. பாதி இறக்கியிருந்த ஜன்னல் வழியே பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“படல… படல…”

போபோடியில் தமிழ் காதில் விழுவது புதிதல்ல. தலைமுறைகளாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நானே சனி ஞாயிறுகளில் அங்கேதான் இட்லி மாவு வாங்குவேன். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. யாரோ ஓர் அக்கா, நான் பயந்துவிட்டதைப் பார்த்து, யார் மேலும் படவில்லை என்று சொல்கிறார். போன உயிர் திரும்பி வந்தது. சந்து முனையில் உள்ளே நுழையக் காத்திருந்த ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “சரிங்க்கா, தேங்க்ஸ்க்கா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன்.

இறங்கிப் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் மொழியின் தலையில் போடலாம். இதைப் போட முடியாது.

காலை பதினொன்றரை இருக்கும். பரிசோதனை அறையில் என்னோடு வேலை செய்யும் தோழி, மராத்தி பேசும் சாத்தாராக்காரி, துளைகளின் அளவு பார்க்கும் ஒரு கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது கை நழுவித் தரையில் விழுந்தது. “அய்யோ, படலா” என்றாள்.

குனிந்து எடுக்கப் போனவளின் கையைப் பிடித்தேன். “இப்ப என்ன சொன்ன?”

“என்ன சொன்னேன்? படலா. விழுந்துருச்சு.” நாங்கள் பேசுவது இந்தியில், இங்கே தமிழில் தருகிறேன்.

“ஆள் விழுந்தாலும் அப்படித்தான் சொல்வீங்களா?”

“ஆம்பள விழுந்தா படலா. பொம்பள விழுந்தா படலி. ஏன், யார் விழுந்தா?”

ஸ்டூலில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கீழே விழுந்த கேஜைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் அறையின் விதி. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி, ‘விழுந்தது’ என்று பதிவேட்டில் எழுதி, சரிபார்க்க அனுப்ப வேண்டும். அவள் அந்தச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தாள். ஓர் இரும்புத் துண்டுக்குச் செய்வதை நான் ஒரு மனிதனுக்குச் செய்யவில்லை.

ஊருக்குப் போன் செய்தேன். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, “ஆரும் நம்பரக் குறிச்சுக்கிலியல்லோ?” என்றார்.

“தெரியலீங்ப்பா.”

“அப்பப் பேசாம இரு கண்ணு. பாசை தெரியாத ஊருல கூட்டத்துக்குள்ள போயி நீயா மாட்டிக்காத. நீ வேணும்னா பண்ணுன?”

போன் அம்மா கைக்கு மாறியது. “அந்த ஆளு எந்திரிச்சாரா?”

“தெரியலம்மா.”

“அதத் தெரிஞ்சுக்காம இங்கெதுக்குக் கூப்புட்ட?”

அப்பா பயத்தில் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டத்தை நினைத்து எனக்கும் பயம்தான். ஆனால் அம்மாவின் கேள்விக்குப் பதில் தெரியாமல் அன்றைக்குச் சோறு இறங்காது என்று தெரிந்துவிட்டது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தோழியும் தனக்கு ஒன்று எழுதிக் கொடுத்தாள்.

“நீ எதுக்கு?”

“உன்னத் தனியா விட்டா, நீ போயி இன்னொரு தடவை தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துருவ.”

காரைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டியோடு போனால்தான் ஒளிக்க வரவில்லை என்று தெரியும் என்றாள். சாகணிலிருந்து போபோடி வரை நான் எப்படி ஓட்டினேன் என்பது நினைவில்லை. வழியெல்லாம் அவள் எனக்கு ஒரே ஒரு மராத்தி வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தாள்: ‘என்னால்தான் நீங்கள் விழுந்தீர்கள், மன்னியுங்கள்.’ பள்ளிக்கூடப் பிள்ளை போல நான் அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

சந்துக்குள் நுழைந்தபோது மணி 1.40. தள்ளுவண்டிக்காரப் பெண்மணி காரைப் பார்த்ததும் எடைக்கல்லைக் கீழே வைத்தார். காலையில் கேட்டது அவர் குரல்தான். அவர் பேசியதைத் தோழி எனக்கு மாற்றிச் சொன்னாள்; சிலவற்றைச் சொல்லாமல் விட்டாள் என்றும் நினைக்கிறேன்.

“வந்துட்டாங்க ராணி. நான் இங்க ஆள் விழுந்துட்டான்னு கத்துறேன், இவ ஓட்டுக் கேக்க வந்தவ மாதிரி கையாட்டிட்டுப் போறா.”

தோழி நடந்ததை விளக்கினாள். அந்தப் பெண்மணி நம்பவில்லை. என்னைப் பார்த்து, அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லச் சொன்னார். “படல” என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தோழி சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி, “நான் கத்துனது தப்புன்னு சொல்றியா?” என்றார். பிறகு, ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவரைப் பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், எழுந்து நடந்துதான் போனார், கை மட்டும் தொங்கியது என்றார். அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். போபோடியில் ஓர் அச்சகத்தில் வேலை. வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஈரம் காயாத மாவுக்கட்டு. தோழி என்னை முன்னால் தள்ளினாள். மனப்பாடம் செய்த வாக்கியம் முழுக்க மறந்துபோய்விட்டது. நினைவில் நின்ற இரண்டே சொற்களைச் சொன்னேன்.

“மீ படலா.”

நான் விழுந்தேன் என்று அர்த்தம். அதுவும் பிழையான மராத்தியில், வேறோர் ஆணைப் பற்றிச் சொல்வது போல. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களுமா? எங்கே?” என்று அக்கறையாகக் கேட்டார்.

தோழியால் அடக்க முடியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்ல, அவரும் கட்டுப் போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு வலியோடு சிரித்தார். நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். “எனக்குத்தான் கை உடைஞ்சிருக்கு. இவங்க ஏன் அழறாங்க?” என்று தோழியிடம் கேட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் தன் வலது கை விரல்களை அசைத்துப் பார்த்தார். கட்டு எத்தனை வாரம் இருக்கும் என்று கேட்டேன். ஆறு வாரம். அவர் உடனே மனத்துக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. அவர் டோல் தாஷா என்ற மேளக் குழு ஒன்றில், குச்சிகளால் அடிக்கும் தாஷா என்ற சிறு பறையை வாசிப்பவர். தாஷாவுக்கு மணிக்கட்டுத்தான் எல்லாம். கணபதி ஊர்வலத்துக்கு அதற்குள் நாள் வந்துவிடும். ஒன்பது ஆண்டுகளாக ஒரு வருடமும் விட்டதில்லையாம். குற்றம் சாட்டும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. பேருந்தைத் தவறவிட்டதைச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

விபத்து என்று பதிவானதால் ஒரு போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்தார். யார் இடித்தது என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். வாயைத் திறப்பதற்குள் பெஞ்சில் இருந்தவர், “யாரும் இடிக்கல. வழுக்கி நானாத்தான் விழுந்தேன்” என்றார்.

“அப்ப இவங்க யாரு?”

“தெரிஞ்சவங்க.”

தோழி என் முழங்கையைக் கிள்ளினாள். ஆனாலும் நான் இந்தியில் சொல்லிவிட்டேன்: என் கண்ணாடி உரசியது, நான் நிற்காமல் போனேன், நேரம் காலை 7.50.

போலீஸ்காரர் பேனாவை மூடினார். “இத்தனை வருஷத்துல ரெண்டு பக்கமும் ‘நான் இல்ல’ன்னுதான் கேட்டிருக்கேன். இங்க ரெண்டு பேரும் ‘நான்தான்’னு சண்டை போடுறீங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள ஒருத்தர் ஜெயிச்சு வைங்க.”

திரும்பி வந்ததும் இரண்டையும் எழுதிக்கொண்டார். என் உரிமத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கை உடைந்தவர் புகார் தராததால் வழக்கு ஆகவில்லை. அதன் பிறகு எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை. அன்று மாலை நோட்டில் ‘யார் மீதும் படவில்லை’ என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, நடந்ததைப் பக்கத்தில் எழுதினேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நான் காரைத் தொடவில்லை. தொழிற்சாலைப் பேருந்தில் போய்வந்தேன். சாவியைக் கையில் எடுத்தாலே அந்த ‘டக்’ கேட்கும். பதின்மூன்றாம் நாள் அவருக்கு மறுபரிசோதனை. ஆட்டோ ஏற்பாடு செய்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வந்தது: “ஆட்டோ வேண்டாம். உங்கள் காரில் வருகிறேன். இந்த முறை உள்ளே உட்கார்ந்திருப்பேன், அதனால் பயமில்லை.”

போய் அவரை ஏற்றிக்கொண்டேன். சந்துக்குள் நுழையும் முன் நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கையால் மடக்கினேன். முன் இருக்கையில் இருந்தவர், “இப்ப பின்னால எப்படிப் பாப்பீங்க?” என்றார். வலப்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, இடப்பக்கத்துக்கு அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்து வழி சொன்னார். “வா, வா, வா… நில்லு.” தள்ளுவண்டிக்காரப் பெண்மணி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வருட ஊர்வலத்தில் அவர் வாசிக்கவில்லை. நானும் தோழியும் பகலில் போய்ச் சாலையோரம் நின்று பார்த்தோம். குழுவின் சீருடையில், கட்டுப் போட்ட கையோடு, தாஷா வாசிப்பவர்களின் ஓரமாக நடந்து வந்தார். இடது கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அதை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தார். அடுத்த வருடம் வாசித்தார். எலும்பு நேராகவே சேர்ந்திருக்கிறது; எக்ஸ்ரேயை நானே பார்த்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெரியாது. போலீஸ்காரரிடம் அவர் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாரே, அப்படித்தான் அவருக்கு உண்மையிலேயே நினைவிருந்ததா, அல்லது என்னைப் பார்த்த பிறகு எடுத்த முடிவா? மூன்று முறை கேட்டிருக்கிறேன். முதல் முறை, சாக்கடை மூடி ஈரமாக இருந்தது என்றார். இரண்டாம் முறை, யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்றார். மூன்றாம் முறை, “நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறீங்களே, உங்களுக்குப் பிடிச்சதை எழுதிக்கோங்க” என்று சிரித்தார். அப்படி எழுத எனக்கு வராது.

ஆகவே, இது இன்று வரை உறுதிப்படுத்தப்படவில்லை. நினைவிலிருந்து சொன்னார் என்றால் என் அதிர்ஷ்டம். எனக்காகச் சொன்னார் என்றால், அந்த ஊர்வலத்தை இழந்த அதே பெஞ்சில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். எது உண்மை என்று தெரியாததால், இரண்டாவதுதான் என்று வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கிறேன்.