வெள்ளை இறகோடு ஒரு தடைக்காலம்

வெள்ளைச் சேவலின் இறகு இரண்டு மூன்று, கொஞ்சம் சிவப்பு நூல், ஒரு தூண்டில் முள். இரை என்று எதுவும் கிடையாது. இறகை முள்ளின் கழுத்தில் இறுக்கிக் கட்டி, முன்னால் சின்ன ஈயக்குண்டு ஒன்றைக் கோத்து ஆற்றில் எறிய வேண்டும். பிறகு நைலான் நரம்பைக் கையால் வெட்டி வெட்டி இழுத்தால், பாரைக் குட்டிகள் அதைப் பொடிமீன் என்று நம்பி வந்து கடிக்கும். அரசலாறு கடலில் சேருகிற இடத்தில், கருங்கல் கொட்டிய கரையில் நின்று நான் அப்படி மீன் பிடித்தது இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். அந்தக் காலைகளின் வெளிச்சம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

அது மீன்பிடித் தடைக்காலம். கோடையில் ஒன்றரை மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. படகெல்லாம் ஆற்றோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மற்றவர்களுக்கு எப்போது தடை முடியும் என்று இருக்கும். எனக்கோ முடியாமலே இருந்தால் தேவலை என்று இருந்தது. தடை தொடங்குவதற்கு முன் போன கடைசிப் பயணத்தில் எஞ்சின் நின்றுபோய், பகல் முழுக்க எங்கள் படகு அலை இழுத்த பக்கம் போனது. சாயங்காலம் வேறொரு படகு வந்து இழுத்துக் கரை சேர்த்தது. மற்றவர்கள் அதை அடுத்த நாளே சிரித்துப் பேசினார்கள். நான் வீட்டில் மின்விசிறி நின்றால்கூட எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி படகில் ஏறுவேனா என்று எனக்கே தெரியவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்ற கவலை அதற்கு மேல் ஒன்று.

இறகு கட்டிப் பிடிப்பதை ஆரம்பித்து வைத்தது என் மனைவியின் தம்பி. எங்கள் படகிலேயே வேலை செய்பவன். நானும் அவனும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். வாய் சும்மா இருக்காது. இறகு கொண்டுவந்தது என் மனைவி. அவள் விழிதியூர்ப் பக்கம் கூடையில் மீன் விற்கப் போவாள். அங்கே வாடிக்கை வீட்டில் சேவல் அடித்தால் இறகைக் கேட்டு வாங்கி மடித்து எடுத்து வருவாள்.

முதல் சில நாட்கள் எனக்கு இறகின் மேல் நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இறகுக்கு மேல் ஒரு இறாலையும் குத்தினேன். இறகு நனைந்து இறாலோடு ஒட்டிக்கொண்டது. பாரை கிட்டவே வரவில்லை. தரையோடு கிடக்கும் கெளுத்திதான் வந்து விழுங்கிவிட்டு முதுகு முள்ளைத் தூக்கிக் காட்டியது. மச்சான் எட்டிப் பார்த்தான்.

"ஏன் மச்சான், எறகையும் கட்டி எறாலையும் குத்துன? நீ கல்யாண வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் கட்டுச்சோறு எடுத்துட்டுத்தான் போவ போலருக்கே."

"எறகை மட்டும் போட்டு, கடிக்கலன்னா?"

"கடிக்கலன்னா கடிக்கல. மீனு என்ன, வரேன்னு ஒனக்கு வாக்குக் குடுத்துச்சா?"

வேறு வழியில்லாமல் வெறும் இறகை எறிந்தேன். அப்போதும் சும்மா இருக்க முடியவில்லை. விடாமல் இழுத்தேன். பின்னால் வந்த பாரை ஒன்று பாதியில் திரும்பிப் போனது கண்ணுக்கே தெரிந்தது. இழுப்புக்கு நடுவே ஒரு நொடி கையைத் தளர்த்த வேண்டும். இறகு விரிந்து, உயிருள்ளது போல மெல்ல இறங்கும். அந்த நேரத்தில்தான் கடி விழும். அந்த ஒரு நொடியை விட்டுக்கொடுக்க எனக்கு அத்தனை நாள் ஆனது.

சாமி கும்பிடும்போதுகூட என் மனசு அடுத்து வரப்போகிற கஷ்டத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். வேண்டிக்கொள்வதே பயந்துபோய்த்தான். ஆனால் இறகு இறங்கும் அந்த இடைவெளியில் நான் எதையும் கேட்கவில்லை. கையில் நரம்பு, அதன் முனையில் ஒன்றுமே இல்லாத ஒன்று. கடிக்கலாம், கடிக்காமலும் போகலாம். இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருப்பது அவ்வளவு பயங்கரமாக இல்லை. அதைத் தியானம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். பயம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். கரை ஏறியதும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அது இல்லாமல் இருக்கும் இடம் ஒன்று எனக்குள் இருக்கிறது என்று தெரிந்துபோனது. அந்த வயதுவரை எனக்கு அது தெரியாது.

தடை முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, விழிதியூர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அன்றைய மீனை வாங்கிப்போக மனைவி கரைக்கு வந்தாள். நான்கு பாரைக் குட்டிகளைக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"படகு ஓனர் வீட்லேர்ந்து ஆள் வந்துட்டுப் போச்சு. நீங்க வரலன்னா வேற ஆளப் போடணுமாம். இன்னிக்கே சொல்லணுமாம்."

நான் நரம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

"பயம் போயிடுச்சான்னா கேட்டேன்? போறீங்களான்னுதான் கேக்குறேன்."

மச்சான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"போறேன்னு சொல்லிடு" என்றேன்.

"சரி" என்றாள். கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள், தூக்கிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.

தடை முடிந்த விடியற்காலை, எங்கள் படகு முகத்துவாரத்தைத் தாண்டியது. வழிநெடுக என் காது எஞ்சின் சத்தத்திலேயே இருந்தது. கரை மறைந்து வெகுநேரம் கழித்து வலையை இறக்கச் சொன்னார்கள். எழுந்து போய் என் பக்கத்துக் கயிற்றைப் பிடித்தேன்.