பெண் அழைப்புக்கு ஒரு ரேஸ் கார்

பத்து நாளாக எனக்குத் தோள்பட்டையில் வலி. 'என்ன சார், ஜிம்முக்குப் போறீங்களா?' என்று கேட்கிறார்கள். இல்லை... கார் தள்ளினேன். அதுவும் நூற்று எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடிய கார்!

என் அக்கா வீட்டுக்காரர் தனசேகர் மாமாவுக்குத் திருக்கனூரில் உரக்கடை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாண்டியில் ஒரு சொல்தா வீட்டு ஷெட்டில் — பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம் — கோழி அடைந்துகொண்டிருந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்தார். ஐம்பது வயசு வண்டி. ரெண்டே சீட். மேல்கூரை கிடையாது. மனிதர் மயங்கிவிட்டார்.

துடைத்து, பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. வில்லியனூர் மெக்கானிக் ஒருவரைப் பிடித்துப் புது எஞ்சின் ஏற்றினார். டர்போ போட்டார். ரேஸ் கார் கிளட்ச், நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக், பின்னால் எல்.இ.டி. லைட்... யூரியா வாங்க வந்த விவசாயிகளுக்கெல்லாம் டர்போ பற்றி வகுப்பு நடந்தது. என்னிடம் பிரேக் புராணம். "தொட்டா போதும் மச்சான், அப்படியே நிக்கும்!"

மாமாவுக்கு ஒரே பெண், காவ்யா. போன மாதக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. தாலி கட்டிய நாலாம் நாள் இரண்டு பேரும் விமானம் ஏறுவதாக ஏற்பாடு.

"பொண்ணு அழைப்புக்கு நம்ம வண்டிதான். எம் பொண்ண நானே ஓட்டிகினு வந்து மண்டபத்துல எறக்குவேன்" என்றார் மாமா.

"வாடகைக்குப் பூ ஜோடிச்ச காரு வருதுங்க. ஊரே பாக்கும், மானத்த வாங்காதீங்க" என்றாள் அக்கா.

"இன்னா வசந்தி, நூத்தி எண்பதுல போற வண்டி கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் போவாதா?"

போகவில்லை.

மூன்று வருஷமும் அவர் வண்டியை ஓட்டிப் பார்த்தது பைபாஸில். பெண் அழைப்பில் வேகத்தை முடிவு செய்வது யார்? நாதஸ்வரக்காரர்! அவர் நாலடி நடப்பார், நின்று வாசிப்பார், மறுபடி நாலடி. சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் அவர் பின்னால். அதற்கும் பின்னால் கார்.

கிளட்சிலிருந்து காலை எடுத்தால் வண்டி பாய்ந்தது. மிதித்தால் நின்றது. நடுவில் எதுவும் கிடையாது. இரண்டாவது பாய்ச்சலில் தவில்காரர் தவிலோடு ஒரு பெட்டிக்கடைக்குள் போய் நின்றுகொண்டார். ஐந்தாவது நிமிடம் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி. எஞ்சின் ஆஃப்.

எல்லாவற்றையும் வேகமாக்கிக்கொண்டே போகிறோமே... மெதுவாகப் போகவேண்டிய நாள் ஒன்று வரும் என்று யாராவது யோசிக்கிறோமா?

"அந்த வாடகைக் காரையே வரச் சொல்லுங்கப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார். மாமாவின் முகம் சுண்டிவிட்டது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கே பாவமாகப் போய்விட்டது.

பக்கத்து சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருந்த காவ்யா திரும்பி என்னைப் பார்த்தாள். "நான் எறங்க மாட்டேன். தள்ளுங்க மாமா!"

தாய்மாமன் ஆயிற்றே, தப்ப முடியுமா? பட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். மாப்பிள்ளை வீட்டு ஆட்களும் சேர்ந்து ஆறு பேர். நாதஸ்வரம் மறுபடி கிளம்பியது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். இப்போது வண்டி சரியான வேகத்தில் போனது.

ஆனால் ஒரு சந்தேகம். மேடு இல்லாத ரோடு. ரெண்டு சீட் வண்டி. ஆறு ஆம்பளைகள் தள்ளியும் ஏன் இவ்வளவு கனம்?

மண்டபத்து சீரியல் பல்பு கண்ணுக்குத் தெரிந்தபோது வண்டி இன்னும் கனத்தது. மூச்சு வாங்கக் குனிந்தேன். என் வெள்ளை வேட்டி சிவப்பாகத் தெரிந்தது. பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன். மாமாவின் இடது கை காவ்யாவின் கைக்குள். வலது கால் பிரேக்கின் மேல்.

"பலமா தள்ளுப்பா!" என்று கத்தினார் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவர். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தள்ளினேன்.

நேற்று மாமா போன் செய்தார். காவ்யா ஊருக்குப் போனதிலிருந்து வீடு வீடாகவே இல்லையாம். அப்புறம் வண்டிக்கு வந்தார்.

"கிளட்ச மாத்தப் போறேன் மச்சான். எஞ்சினையும் சாதாவா ஆக்கிடலாம்னு பாக்கறேன். இன்னா சொல்ற?"

"எதை வேணும்னாலும் மாத்துங்க மாமா. அந்த பிரேக்க மட்டும் தொடாதீங்க."