கயிற்றின் கடைசியில் ஒரு கெமரா

எங்கள் தோட்டத்துப் பொங்கல் விளையாட்டுப் போட்டியில், பெண்கள் கயிறிழுத்தலில் கடைசி ஆள் எப்போதும் நான்தான். கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டுகிற படங்குத் துணியை இடுப்பில் இறுக்கி, அதன்மேல் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நிற்பேன். தலை நரைத்த பிறகும் அந்த இடத்தை நான் யாருக்கும் விடவில்லை.

போன வருடம் மேல் டிவிஷன் பெண்களோடு இழுக்கும் நேரத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பெரிய கெமராக்களோடு டவுனிலிருந்து வந்தவர்கள், ஒன்றும் தெரியவில்லை என்று ஓரமாகப் போய்விட்டார்கள். ஒரு ஒல்லிப் பெண் மட்டும், சின்னப் பழைய கெமராவைச் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டே வந்து, என் காலடிச் சேற்றில் குப்புறப் படுத்தாள்.

"ஏ புள்ள, மிதிச்சிருவேன், எந்திரி!"

"என் கெமராவுக்குத் தூரம் எட்டாதும்மா. போட்டியில படம் எடுக்கிறது இதுதான் மொதத் தடவ. நீங்க இழுங்க, நான் பாத்துக்கிறேன்."

விசில் ஊதினார்கள். குதிகாலை ஊன்றி இழுத்தேன். ஜெயித்தோம்.

அவள் காட்டிய படத்தில் சேற்றில் புதைந்த இரண்டு கால்களும் கயிறும்தான் இருந்தன. எட்டிப் பார்த்த எங்கள் பெண்கள், "பெரியம்மாவோட காலுடீ!" என்று கூவினார்கள்.

"மொகத்தையும் ஒண்ணு எடுக்கவாம்மா?"

"மொகம் எதுக்கு? இழுத்தது காலுதான?"

சிரித்தாள். சால்வையைக் கெமராவுக்குச் சுற்றிவிட்டு, தான் நடுங்கிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள். யார் வீட்டுப் பிள்ளையோ, நான் கேட்கவில்லை. இந்த வருடமும் கயிற்றைச் சுற்றியதும், காலடியில் யாராவது படுத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்த பிறகுதான் காலை ஊன்றினேன்.