வாசல் மாறிய மேஜர்

ஸ்காட்லாந்தின் வடக்கே டார்வா பள்ளத்தாக்கு முழுவதும் மேஜர் நினியன் கார்மைக்கேலுக்குச் சொந்தம். சம்பாதித்ததா என்று கேட்டால், "பொறந்தேன், அவ்வளவுதான். அதுவும் அம்மா பட்ட பாடு" என்பார்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பதக்கம் வாங்கியதையும் அப்படியேதான் சொல்வார். மூடுபனியில் படையை வலப்பக்கம் நடத்தச் சொன்னார்கள். இவர் இடப்பக்கம் நடத்தினார். பனி விலகியபோது எதிரியின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். எதிரிகள் மிரண்டு ஓடினார்கள். "அவங்களைவிட நான்தான் அதிகமா மிரண்டேன். ஓடத்தான் தெம்பில்லை." பத்திரிகைகள் இதை அடக்கம் என்று எழுதின. அந்த அடக்கம் அவரை லண்டன் பாராளுமன்றத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

அங்கே மணி அடித்தால் எழுந்து, கட்சிக் கொறடா காட்டும் வாசலில் நுழைய வேண்டும். ஆம் என்பவர்களுக்கு ஒரு வாசல், இல்லை என்பவர்களுக்கு மறு வாசல். ஒருநாள் மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் மேஜர் வாசல் மாறிவிட்டார். குத்தகைக் குடியானவர்களை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்பது அன்றைய மசோதா. கட்சி அதற்கு எதிரி. நிலக்காரரான அவரும் எதிரிதான்.

ஊர் திரும்பினால் ரயிலடியில் பேக்பைப் வாத்தியம் முழங்கியது. குதிரைகளை அவிழ்த்துவிட்டுக் குடியானவர்களே வண்டியை இழுத்தார்கள். அவருக்கு உடம்பு கூசியது.

"நிறுத்துங்கப்பா! உங்களுக்காக ஓட்டுப் போடலை. தூக்கக் கலக்கத்துல வாசல் மாறிப்போச்சு."

வண்டி நின்றது. ஊனா மெக்ரே என்ற விதவைக் குடியானவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்போ எங்களை விரட்டத்தான் நெனச்சீங்களா, துரை?"

"ஆமா."

"மூஞ்சிக்கு நேரா சொன்னீங்களே, சந்தோஷம். எங்க வீட்டுக்கு வந்து ஒருவாய் கஞ்சி குடிங்க. அப்புறம் எந்த வாசல்ல வேணா நுழைஞ்சுக்கோங்க."

குனிந்துதான் அந்த வீட்டுக்குள் போக முடிந்தது. ஓட்ஸ் கஞ்சியில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"கூரையைச் சரிபண்ணக் கூடாதா?"

"பண்ணினா வீடு நல்லாயிருக்குன்னு உங்க காரியஸ்தர் குத்தகையை ஏத்துவாரு."

மேஜர் கஞ்சியைக் கடைசிவரை குடித்தார். மறுநாள் காரியஸ்தரைக் கூப்பிட்டு, குத்தகையை ஏற்றக் கூடாது என்றார். மழைக்காலத்துக்குள் எல்லாக் கூரைகளையும் தன் செலவில் மாற்றச் சொன்னார். வேலையைப் பார்க்க அவரே ஏணியில் ஏறி, இருமுறை வழுக்கி விழுந்தார்.

மசோதா மீண்டும் வாக்கெடுப்புக்கு வந்தபோது கொறடா அவர் தோளைத் தொட்டு, "இந்தப் பக்கம், மேஜர்" என்றார்.

"தெரியுது. அதனாலதான் அந்தப் பக்கம் போறேன்."

மசோதா தோற்றது. அடுத்த தேர்தலில் கட்சி அவரைக் கைகழுவியது. சுயேச்சையாக நின்றார், அதிலும் தோற்றார். டார்வாவிலேயே பாதிப் பேர் அவருக்குப் போடவில்லை என்று தெரிந்ததும், ஊனாவின் அண்ணன் டூகல்டைப் பிடித்துக் கேட்டார்.

"நீயுமாப்பா?"

டூகல்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான்: "நீங்க ஜெயிச்சா லண்டன் போயிடுவீங்க, துரை. மேட்டுத்தெருக் கூரையெல்லாம் இன்னும் பாக்கியிருக்கே."

மேஜர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏணியை எடுக்கச் சொன்னார். டூகல்ட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.