செருப்பைப் பூட்டி வைக்கும் இடம்

காலையில் காற்று திரும்பும்போது வல்லம் வடகால் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெந்த ரப்பரின் வாசனை வந்து, அழைக்காத விருந்தாளி மாதிரி எங்கள் கூடத்தில் உட்காரும். கோவில்பட்டியில் நான் வளர்ந்த தெருவுக்கு அதே நேரத்தில் தீப்பெட்டி ஆபீசிலிருந்து குச்சி மருந்தின் நெடி வரும். பட்டறையை ஆபீஸ் என்று அழைத்துத் தனக்குத்தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்ட ஊர் அது. ஒரு மூக்கெரிச்சலை விட்டு இன்னொரு மூக்கெரிச்சலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் இதை முன்னேற்றம் என்கிறார்கள். ரப்பர் வாசனை வந்ததும் என் மகள் நிவேதா “உவ்வே” என்று ஜன்னலை அறைந்து சாத்துவாள். ஒருநாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. வாசனை உள்ளே வந்தது; அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மறுநாளும் அப்படியே. ஒரு தட்டுச் சோறு ஒரு நாளைக்கு, வாராத தலை, பதினோராம் வகுப்புப் பை கதவோரத்தில். மூன்றாம் வாரம் வகுப்பாசிரியை போன் செய்து, “அட்டெண்டன்ஸ் குறையுது மேடம்” என்றார். பிள்ளையே குறைந்துகொண்டு வருவது பற்றி அவரிடம் தகவல் இல்லை.

என் கணவர் பாஸ்கர் வடக்குப்பட்டுக்காரர். அவர் அப்பாவின் நெல் வயலில் இப்போது யாரோ கார் கதவு செய்கிறார்கள். அந்தக் கதவு செய்பவர்களைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவது இவர் வேலை. “வயசுப் பொண்ணு, அப்டித்தான் கீது. வுடு, சரியாப்பூடும்” என்றார். கோவில்பட்டியிலிருந்து என் அக்கா, “கண்ணு பட்ருக்கும். உப்பு மொளகா சுத்திப் போடு, எல்லாஞ் சரியாயிரும்” என்றாள். வடக்கும் தெற்கும் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தும், ஒன்றும் செய்யாமலிருப்பதில் எவ்வளவு ஒற்றுமை.

நான் மட்டும் என்ன கிழித்தேன்? எங்கள் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகளுக்குப் போய்த் தரம் சோதிப்பது என் பிழைப்பு. ஒரு போல்ட்டில் குறை வந்தால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும், ஐந்தாவதில் காரணம் அகப்படும். எங்களுக்கு அது வேதம். நான் பேனாவும் தாளுமாக மகளின் கட்டிலோரம் உட்கார்ந்தேன். இப்படி ஒரு தாய் இந்த ஒரகடம் சாலையில்தான் விளைவாள்.

“ஏன் ஸ்கூலுக்குப் போகல?”

“புடிக்கல.”

“ஏன் பிடிக்கல?”

“நைட்டெல்லாம் தூக்கமே வர்றதில்ல.”

“ஏன் வரல?”

“தெரியல.”

“ஏன் தெரியாம இருக்கு?”

“ஏன்னா நீ கேட்டுகினே இருக்க.”

நான்காவதிலேயே காரணம் அகப்பட்டுவிட்டது. பேனாவை மூடினேன். அப்போதுதான், யாரும் கேட்காமலே, சுவரிடம் சொல்வதுபோல அவள் சொன்னாள்: “நான் இல்லன்னா உங்க ரெண்டு பேருக்கும் ஷிஃப்ட் மாத்திக்கிறது ஈஸியா இருக்கும்ல.”

அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. அன்றிலிருந்து லீவு போட்டு அவள் பக்கத்திலேயே படுத்தேன். பாஸ்கரிடமும் சொன்னேன். மறுநாள் ஒரு விளம்பரத் தாளோடு வந்தார். அவர் பஸ்ஸில் வரும் சூப்பர்வைசரின் மகன் பிள்ளைகளைத் திருத்தும் ஒரு முகாமில் தொண்ணூறு நாள் இருந்துவிட்டு வந்தானாம். இப்போது பெற்ற அப்பனையே ‘சார்’ என்கிறானாம். இதற்கு மேல் ஒரு வியாதி வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. மாமியாரை மகளுக்குத் துணை வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

முன்பு மாந்தோப்பாக இருந்த இடம். தகரக் கொட்டகைகள், வாசலில் பளபளக்கும் பெயர்ப்பலகை. நிர்வாகி சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார்.

“கவலைய எங்ககிட்ட வுட்டுட்டு நீங்க வேலைக்குப் போங்கம்மா. செல்போன் கிடையாது. மொத நாப்பது நாளு நீங்க பாக்க முடியாது, பேசவும் முடியாது. அப்பதான் புள்ள திருந்தும்.”

“திருந்தவா? அவளுக்கு மனசு சரியில்லைங்க. இங்க டாக்டர் யாரு? என்ன படிச்சிருக்காங்க?”

“நானே இருக்கேனே. இருபது வருஷ அனுபவம்.”

“எதுல?”

அவர் சிரித்தார். “எந்த ஊரும்மா நீங்க? பேச்சு தெக்கத்தி மாதிரி கீது. அங்கல்லாம் இப்டித்தான் கேள்வி கேப்பாங்களா?”

அவருக்கு என் கேள்வி சண்டையாகக் கேட்டது. எனக்கு அவர் சிரிப்பு பதிலாகக் கேட்கவில்லை. பட்டறைக்காரர்கள் காபி கொடுத்து முன்னறையிலேயே உட்காரவைத்தால், பின்பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கால் தானாகப் பின்பக்கம் நடந்தது. அறைகளுக்குத் தாழ்ப்பாள் வெளியே. உள்ளே பிள்ளைகள் இருமும் சத்தம். அத்தனை பேர் இருக்கும் இடத்தில் வாசலில் ஒரு செருப்பு இல்லை. கேட்டேன்.

“பீரோவுல பூட்டி வெச்சிருக்கோம். செருப்பு இருந்தா ஓடிருதுங்க.”

அதை அவர் வெட்கத்தோடு சொல்லவில்லை. ஏற்பாட்டைப் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்துச் சொன்னார்.

பத்தொன்பது வயதில் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி விடுதியில் என்னைச் சேர்க்க வந்த அப்பா, வார்டனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கேட்ட எத்தன மணிக்குப் பூட்டுவீக?” எட்டரை என்றதும் மனம் நிறைந்து பஸ் ஏறிவிட்டார். அந்தப் பூட்டுக்குள் பன்னிரண்டு பேருக்கு ஒரு குழாய் என்பதும், காய்ச்சலில் அனத்திய பெண்ணுக்கு விடியும்வரை மாத்திரை இல்லை என்பதும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வெளியே பூட்டு தெரிந்தால் உள்ளே பத்திரம் என்று நம்புகிற வம்சம் நாங்கள். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, என்னைப் போல பை தூக்கி வந்தவர்களே, உங்களில் எத்தனை பேர் இன்னொரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்?

பாஸ்கர் பைக்கில் காத்திருந்தார். “இன்னாமே, பணம் கட்டிட்டியா?”

“இல்ல. செருப்பப் பூட்டி வச்சிருக்கான்.”

“யாரு செருப்ப?”

“பிள்ளைங்க செருப்ப.”

அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

எங்கள் கம்பெனி நர்ஸ்தான் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருப்பதைச் சொன்னார். பக்கத்துவீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அரை நாள் யோசித்தேன். நாங்கள் கோவில்பட்டியிலிருந்து கழற்றாமல் கொண்டுவந்த நகை அது ஒன்றுதான். பிறகு நிவேதாவை அழைத்துப் போனேன். சீட்டு எழுதுமிடத்தில், “எந்த ஊரு?” என்றார் ஊழியர். “கோவில்பட்டி” என்று நானும், “வடக்குப்பட்டு” என்று நிவேதாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் நிமிர்ந்து, “ரெண்டு பேரும் ஒரே வூடுதானே?” என்றார்.

மனநல ஆலோசகர் சின்ன வயதுப் பெண். முகாமில் கேட்டதையெல்லாம் இவரிடமும் கேட்டேன். படிப்பைச் சொன்னார், வாரத்தில் எந்த நாட்கள் இருப்பார் என்று சொன்னார், தேவைப்பட்டால் மருந்து எழுதும் டாக்டர் அடுத்த அறையில் என்று கை காட்டினார். கோபமே இல்லை. “கேளுங்கம்மா. எதுவும் கேக்காம புள்ளைய வுட்டுட்டுப் போறவங்களப் பாத்தாதான் எனக்கு பயம்” என்றார். பிறகு நிவேதாவைப் பார்த்து, “நீ சொல்றது என்கிட்ட இருக்கும். உன் உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் அம்மாகிட்ட சொல்லுவேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான்” என்றார். வீட்டிலுள்ள மாத்திரைகளை எடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னார். அவளைத் தனியே விடாமலிருப்பதும், அவளைத் துருவாமலிருப்பதும் இரண்டு வேலை என்றார். இரண்டாவது எனக்குத் தெரியாத தொழில்.

பிறகு நான் வெளியே இருக்க வேண்டும் என்றார். நிவேதா என்னோடு வாசல்வரை வந்தாள். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“உன்னப் பத்தியும் சொல்லுவேன்.”

“சொல்லு.”

“நல்லதா இருக்காது.”

“சரி, சொல்லு. நான் இங்கனதான் இருப்பேன்.”