நூல்நிலையத்துக்குப் போன கதவு

எங்கள் வீட்டுக் கதவு இரண்டு நாள் தலவாக்கலை டவுன் நூல்நிலையத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் நூல்நிலையத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது அந்தக் கதவுதான். நாங்கள் எல்லோரும் அதற்குப் பின்னால் போனவர்கள்.

வீடு என்றால் லயத்தில் ஒரு காம்பரா. ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு காம்பராக்கள் நிற்கும் வரிசையில் எங்களுடையது ஏழாவது. கதவின் வெளிப்பக்கம் தார் பூசி, அதன்மேல் வெள்ளையில் 7 என்று எழுதியிருந்தார்கள். கதவும் சுவரும் கூரைத் தகரமும் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கண்டாக்கையாவிடம் சொல்வார். கண்டாக்கையா துரையிடம் சொல்வார். உத்தரவு வருவதற்குள் ஆணி துருப்பிடித்துவிடும்.

அந்தக் கதவின் உட்பக்கத்தில் அம்மா படம் வரைந்திருந்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க, கொழுந்து எடுத்துவிட்டு வந்து, சமைத்து முடித்த கையோடு கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். சுண்ணாம்பு, காவி, சலவை நீலம், மஞ்சள், அடுப்புக்கரி எல்லாவற்றையும் கஞ்சியில் குழைத்துக்கொள்வாள். நுனியை நசுக்கிய தேயிலைக் குச்சிதான் தூரிகை. மேலிருந்து கீழ்வரை மலை. மலையில் எங்கள் லயத்துப் பெண்கள் எட்டுப் பேர், கூடையோடு. எட்டும் எட்டு முகம். பல்வலிக்காரப் பெரியம்மாவின் தாடைக்கட்டு, ஐந்தாம் காம்பரா அக்காவின் ஒன்றரைக் கண், ஒன்றும் விடவில்லை.

இதை வெளியார் யாரும் பார்த்ததில்லை. பகலில் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது கதவு திறந்து சுவரோடு ஒட்டி நிற்கும். சாத்திப் படுத்தால்தான் படம் தெரியும். விளக்கு அணையும்வரை நான் அதைப் பார்த்தபடி கிடப்பேன். அம்மா எனக்காகத்தான் அதை வரைந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நானும் ஒன்பது வயதுக்கு முடிந்த மட்டும் சொல்லாமல்தான் இருந்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி, டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடை மூடியதும் எங்களைப் பார்க்க வருவார். அன்றும் வந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் மட்டும் இருந்தேன். நூல்நிலையத்து ஐயா மேசைக்கு விரிக்க வெள்ளைத் துணி வாங்கக் கடைக்கு வந்தாராம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நூல்நிலையத்தில் கண்காட்சியாம். டவுன்காரர், தோட்டத்துக்காரர் யார் வேண்டுமானாலும் தம் கையால் செய்ததைக் கொண்டுவந்து வைக்கலாமாம்.

"நம்ம ஆளுங்ககிட்ட என்னா இருக்கு கொண்டுபோக?" என்று மாமா சலித்துக்கொண்டார்.

இதற்கு மேல் எந்தப் பிள்ளையால் வாயைக் கட்ட முடியும்? கதவைச் சாத்திக் காட்டினேன்.

மாமா கதவோடு ஒட்டி நின்று முகம் முகமாகப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று ரோட்டுக்கு ஓடி, முதலாளியின் லொறியை மறித்து, டிரைவரிடமிருந்து திருப்புளி வாங்கி வந்துவிட்டார். திருகாணிகளை நான் சிகரெட் டின்னில் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரத்தில் கதவு லொறியில் ஏறிப் போயிற்று. எங்கள் வீட்டு வாசலில் ஒரு சாக்கு தொங்கிற்று.

அம்மா கூடையோடு வந்து நின்றாள். கதவு எங்கே என்று அவள் கேட்கவில்லை.

"யாரு பாத்தா?" என்றாள்.

மாமாதான் என்றேன். மற்றதையும் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அன்று இரவு எனக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. மலைக்காற்று சாக்கை முட்டிக்கொண்டு உள்ளே வந்தது. அப்பாவும் அம்மாவும் நானும் ஒரே கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்தோம்.

மறுநாள் காலையில் கங்காணி சாக்கைக் கண்டுவிட்டார். "தோட்டத்துக் கதவ வித்துட்டியாய்யா?" என்று அப்பாவைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் பன்னிரண்டு காம்பராவும் வெளியே வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லி உத்தரவு. கதவோடு வராவிட்டால் பத்துச்சீட்டு நிச்சயம் என்றார். பத்துச்சீட்டு என்றால் வேலை போயிற்று, காம்பராவும் போயிற்று, மூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டு இறங்க வேண்டியதுதான். அப்பா அன்று முழுக்க வெற்றிலையைக்கூடத் தொடவில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் இன்னும் கூடும். சாயங்காலத் தண்ணீர்ப் பீலியடியில், கதவில் இருப்பது நீங்கள்தான் என்று அந்த எட்டுப் பேரில் ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கதவை மீட்கக் கிளம்பினார். அம்மாவும் தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு கூட நடந்தாள். திரும்பிப் பார்த்தால் லயத்துப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், என்ன நடக்கிறதென்று பார்க்க, குடையோடு கங்காணி.

நூல்நிலையத்தில் மேசை மேசையாகத் தையல் விரிப்புகள், காகிதப் பூக்கள், தீக்குச்சியில் கட்டிய கோயில். நடுக்கூடத்தில் இரண்டு புத்தக அலுமாரிகளுக்கு இடையே எங்கள் கதவு நிமிர்ந்து நின்றது. பகல் வெளிச்சத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. சலவை நீலம் இவ்வளவு நீலமா! அதன் கீழே ஒரு அட்டை. அதில் மூன்று பாஷையிலும் அம்மாவின் பெயர். தமிழை நான் வாசித்துக் காட்டினேன். "இன்னொருக்கா வாசி" என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

நூல்நிலையத்து ஐயா சிங்களவர், நல்ல மனிதர். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கதவைக் கேட்டதும், கண்காட்சி ஐந்து மணிக்குத்தான் முடியும், அதுவரை எதையும் எடுக்க முடியாது என்று நல்ல தமிழில் சொன்னார். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெண்களுக்கோ அந்தக் கவலையே இல்லை.

"இந்தா நானு! இந்தா நிக்கிறேன் பாரு!"

"ஏன் மதினி, எம் மூக்கு இம்புட்டுப் பெருசா?"

"சின்னதாத்தான் போட்டிருக்கா. நீ கண்ணாடியப் பாரு."

டவுன் ஜனங்கள் படத்தையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்துக் கைகொட்டினார்கள். வந்தவர்கள் கையெழுத்துப் போடும் கொப்பியை ஐயா எடுத்து நீட்டினார். அடுத்த நிமிடம் மைப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பக்கம் முழுக்கக் கைநாட்டு.

அப்போதுதான் துரையும் துரைசாணியும் உள்ளே வந்தார்கள். எங்கள் துரைதான். பரிசு கொடுக்க அவர்களைத்தான் அழைத்திருந்தார்களாம். பெண்கள் சட்டென்று ஒதுங்கினார்கள். துரைசாணி படத்தின் முன்னால் நின்றவர் நின்றவர்தான். துரை மெதுவாகக் கதவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே தாரும் வெள்ளை 7-ம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இது யாரு கதவு?" என்றார் துரை, தோட்டத்துத் தமிழில்.

கங்காணி குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அப்பா எழுந்தார். அம்மா வந்து துரைக்கு எதிரில் நின்றாள். லயத்தில் இரைந்து ஒரு வார்த்தை பேசாத அம்மா.

"கதவு தோட்டத்துக் கதவுங்க தொர. படம் என்னோடதுங்க."

துரை மறுபடி முன்பக்கம் வந்து படத்தைக் கண்ணால் துழாவினார்.

"நம்ம பங்களா எங்க?"

அம்மா விரலால் காட்டினாள். மலை உச்சியில், அவள் வரைந்திருந்த கங்காணியின் குடைக்குப் பக்கத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"ஏன் இவ்வளவு சின்னது?"

"எங்க லயத்துல இருந்து பாத்தா அம்புட்டுத்தாங்க தெரியுது."

ஐயா அதைத் துரைசாணிக்கு இங்கிலீசில் சொன்னார். துரைசாணி சிரித்தார். பிறகு துரையும் சிரிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கங்காணி சிரித்த சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரியது. முதல் பரிசின் சிவப்பு ரிப்பனைத் துரைசாணியே கதவின் தாழ்ப்பாளில் கட்டினார். கட்டிவிட்டுத் துரையின் காதில் ஏதோ சொன்னார்.

"தொரசாணிக்கு இந்தக் கதவு வேணும்" என்றார் துரை. "ஒனக்குப் புதுக் கதவு குடுக்கிறேன்."

அப்பாவின் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"எட்டுப் பேரு மொகம் இருக்குங்க தொர. அது எங்க லயத்துலதான் இருக்கணும். திங்கக்கெழம காலையில கதவு அது எடத்துல இருக்கும், நீங்க வந்து பாக்கலாங்க."

துரை அம்மாவைப் பார்த்தார், கொப்பியில் இருந்த கைநாட்டுகளைப் பார்த்தார். "சரி, கொண்டுபோய் மாட்டு" என்றார். பத்துச்சீட்டு அந்த ஒரு வார்த்தையில் பறந்து போயிற்று. பத்து வருஷம் அம்மாவோடு குடும்பம் நடத்திய அப்பா, யாரோ புது மனுஷியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு எட்டுப் பெண்களும் கதவைத் தலையில் தூக்கினார்கள். லொறி வேண்டாம் என்றுவிட்டார்கள். மாமா முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனார், அந்தக் கதவையே அவர்தான் பெற்றதுபோல. கடைவீதியே எழுந்து நின்றது. முதலாளி எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார். நான் திருகாணி டின்னைக் குலுக்கிக்கொண்டே தோட்டம்வரை ஓடினேன்.

மாமா கதவை நிறுத்தித் திருகாணி கேட்டபோது, அம்மா "திருப்பி மாட்டு" என்றாள்.

"கீலை மாத்தணுமேக்கா."

"மாத்து."

"நம்பர் உள்ள போயிருமே, கங்காணி கேப்பாரே" என்றார் அப்பா.

"ஏழாம் நம்பர் எதுன்னு அவருக்கு இனிமே மறக்காது" என்றாள் அம்மா.

படம் வெளியே போயிற்று. உள்ளே தாரும் ஏழும். படுக்கையிலிருந்து பார்த்தால் இனி எனக்கு அந்த ஏழுதான். ஊரே கொண்டாடிய அன்று நான் ஒருத்தி மட்டும் விக்கி விக்கி அழுதேன். என் படத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டாளே என்று அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதியாகிவிட்டது. மற்றப் பெண்கள் கூடையோடு இறங்கிப் போய்விட்டார்கள். பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்தாத அம்மா, கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றாள். வெயில் கூரையைத் தாண்டிக் கதவில் இறங்கியது, சலவை நீலம் பளிச்சென்றது. அப்போதும் நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். மாமா கீலை மாற்றிய லட்சணத்தில் பூட்டுச் சரியாக விழவில்லையாக்கும் என்று நினைத்தேன்.