சந்தனம் பூசாத இரண்டு முனைகள்

போன வாரம் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் மகள் மாரீஸ்வரி போன் செய்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். டூட்டி நேரத்தில் எனக்குப் போன் செய்கிறவள் இல்லை. எடுத்ததும், "யம்மா, ஜைத்தூன் பெரியம்மா போயிட்டாவம்மா" என்றாள். நான் எதிரே அவர் வீட்டைப் பார்த்தேன். பூட்டிக் கிடந்தது. கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜைத்தூன் அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நம் தெருப் பிள்ளைகள் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், ஞாபகம் கோணாது. அதனால் அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத என்னால் ஆகாது. எங்களுக்குள் இருந்த சண்டையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது என் வீட்டுக்காரர் பழைய டீசல் அம்பாசிடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அது அக்கா வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. தேவதானம் சந்தைக்குப் போக அக்காவின் வேன் துணிமூட்டை ஏற்றித் தயாராக நின்றது. எங்கள் காரை நகர்த்த முடியவில்லை. அக்கா வந்து பானெட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ஏட்டி ராமலச்சுமி, ஒங்க வீட்டுக்காரரு ஓட்டுறது காரா, கட்டை வண்டியா? மாட்டையாவது பூட்டச் சொல்லுட்டி!" தெருவே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அவர்களில் சிலர் இதையும் வாசிப்பார்கள். அன்றோடு அக்காவுடன் பேச்சை நிறுத்தினேன். வருஷங்கள் போயின. அவர் வீட்டு நோன்புக் கஞ்சி வந்தால் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவேன். நான் குடித்ததில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்படிப் பேச அவருக்குத் தகுதி இருந்தது. அவரும் அவர் வீட்டுக்காரரும் செட்டியார்பட்டி, ஆலங்குளம் என்று ஊர் ஊராய்ச் சந்தைக்குப் போய்த் துணி விற்றவர்கள். வழியில் வேன் நின்றால் கணவர் கீழே படுத்து வேலை பார்ப்பார். அக்கா மேலே நின்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வார். கணவர் காலமான பிறகு, இத்தா என்கிற துக்க நாட்களை வீட்டுக்குள்ளேயே இருந்து முடித்து வெளியே வந்ததும் வேனைத் தானே எடுத்தார். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எதிரே வருகிற லாரியே கொஞ்சம் ஒதுங்கும். "நின்னுபோன வண்டியத் திட்டாத. அது என்ன சொல்லுதுன்னு கேளு" என்பார். மனிதர்களை மட்டும் நன்றாகத் திட்டுவார்.

மாரீஸ்வரி அரசாங்க நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டியிருந்த காலையை இப்போது சொல்கிறேன். மதுரையில் பரீட்சை. நேரம் தவறினால் உள்ளே விட மாட்டார்கள். வயது வரம்பு அந்த வருஷத்தோடு அவளுக்கு முடிந்தது. விட்டால் மறுபடி எழுதவே முடியாது. முதல் பஸ்ஸில் போய்விடலாம் என்றுதான் நான் சொன்னேன். "சொந்தமா கார் நிக்கும்போது எம்புள்ளை பஸ்ஸுல இடிபடணுமாக்கும்?" என்றார் வீட்டுக்காரர். மார்கழி மாதம். மலையிலிருந்து இறங்கிய பனி கார்க் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. சாவியைத் திருகினார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் திருகினார். 'டிக்.' முதல் பஸ் அதற்குள் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மாரீஸ்வரி ஹால் டிக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"குளிர்ல பேட்டரி செத்துப்போச்சு. கடைக்காரன எழுப்பிட்டு வாரேன்" என்று அவர் துண்டை உதறினார். அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் நேராகக் காரிடம் வந்தார்.

"அண்ணாச்சி, லைட்டைப் போடுங்க."

லைட் பளிச்சென்று எரிந்தது.

"எரியட்டும். இப்பம் சாவியத் திருகுங்க."

'டிக்.' லைட் அணைகிற மாதிரி மங்கியது. சாவியை விட்டதும் மறுபடி பளிச்சென்று வந்தது.

"பேட்டரி செத்திருந்தா லைட்டு மொதல்லயே அழுது வடிஞ்சிருக்கும். கரண்டு இருக்கு. வழிதான் அடைச்சுக் கெடக்கு. பானெட்டைத் தொறங்க."

பேட்டரியின் இரண்டு முனைகளையும் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, கையக் கொண்டா." இத்தனை வருஷம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கையைக் கொடுத்தேன். பிடித்து ஒரு முனையின் மேல் வைத்தார். கார் முழுக்கப் பனியில் சில்லென்று கிடக்க, அந்த ஒரு முனை மட்டும் சுட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஆயுதபூஜை வந்தால் என் வீட்டுக்காரர் பேட்டரிக் கிளிப்பைக் கழற்றித் துடைப்பார். துடைத்தவர் சும்மா மாட்ட மாட்டார். முனைக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, அதற்கு மேல் கிளிப்பை மாட்டி முறுக்குவார். போன வருஷத்துச் சந்தனத்தின் மேல் இந்த வருஷத்துச் சந்தனம் காய்ந்து ஓடாகிக் கிடந்தது. சுற்றிலும் பச்சையாய்க் களிம்பு பூத்திருந்தது.

"ஏன் அண்ணாச்சி, சாமிக்குப் பொட்டு வைக்கியளே, கண்ணுக்குள்ளயா வைப்பிய?" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மைனஸை மொதல்ல கழட்டுங்க. ஏட்டி, வெந்நி இருக்கா?" மாரீஸ்வரி குளித்த மிச்ச வெந்நீர் அண்டாவில் இருந்தது. கொண்டுவந்தேன். அக்கா கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பச்சையும் சந்தனமும் கரைந்து ஓடின. தன் கடைத் துணியிலேயே ஒரு முழம் கிழித்து ஈரம் துடைத்தார். ஈயம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். கிளிப்பை மாட்டி முறுக்கியதும் என் வீட்டுக்காரர் சாவிக்குப் பாய்ந்தார்.

"செத்த நேரம் பொறுங்க! டீசல் வண்டி. குளிர்ல ஹீட்டரப் போட்டு, உள்ள சூடு ஏறவிடணும்." கோயில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு வந்துகொண்டிருந்தது. அக்கா அதைக் கை காட்டினார். "அந்தா, ஒரு வரி முடியட்டும். பொறவு திருகுங்க."

அந்த ஒரு வரியைப் போல நீளமான வரியை நான் கேட்டதில்லை. முடிந்தது. திருகினார். கரும்புகை கக்கிக்கொண்டு கார் உயிர் பெற்றது. மாரீஸ்வரி ஏறியதும் அக்கா கண்ணாடி வழியே குனிந்து, "போய்ட்டு வா தாயி. வழியில எங்கயும் நிறுத்தச் சொல்லாத, ஒங்கப்பன் மறுபடி பொட்டு வச்சிருவாரு" என்றார். கேட்டைச் சாத்துகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். எழுதினாள். தேறினாள்.

அவளுக்கு வேலை உத்தரவு வந்த அன்று பாயசம் வைத்து நானே எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். அக்கா வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார்: "கோவம் போச்சாட்டி?"

"போகல."

"போகாட்டிக் கெடக்கட்டும். கோவத்தோடயே வந்து உக்காரு."

அப்படியே உட்கார்ந்தேன். அதன் பிறகு உட்காராத நாள் குறைவு. அந்த வருஷத்து நோன்புக் கஞ்சியை அவர் வீட்டிலேயே குடித்தேன். உப்புக் கொஞ்சம் கூடுதல், சொல்லவும் செய்தேன்.

கடைசியில் மூச்சுத் திணறலோடு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மாரீஸ்வரியின் வார்டில்தான். மருந்து ஏற்ற அவள் அவசரமாய் ஊசியை எடுத்தபோது, "பொறுட்டி. ஹீட்டரப் போடாம ஸ்டார்ட் பண்ணப் பாக்காத" என்றாராம். இவள் அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, அப்புறம்தான் ஊசி போட்டாளாம்.

அம்பாசிடரை விற்றாயிற்று. இப்போது இருப்பது மாரீஸ்வரியின் கார். ஆயுதபூஜைக்கு டயர், ஸ்டியரிங், கண்ணாடி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பேன். பேட்டரி முனை இரண்டையும் தொட மாட்டேன். வீட்டுக்காரரையும் தொட விட மாட்டேன். துக்கம் கேட்க ஊருக்கு வந்திருந்தவள் இன்று காலை டூட்டிக்குக் கிளம்பினாள். பனி கொட்டியது. ஸ்பீக்கரில் பாட்டு. "செத்த நேரம் பொறு" என்றேன். "புது வண்டிம்மா, பெட்ரோலு. இதுக்கெல்லாம் வேண்டாம்" என்றாள். ஆனாலும் சாவியில் கை வைத்தபடி, ஒரு வரி முடியும்வரை காத்திருந்தாள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொறுமை. என் மகளின் சம்பாத்தியமும் அவர் தந்ததுதான். எங்கள் வண்டியைக் கட்டை வண்டி என்றதை நான் இன்னும் மறக்கவில்லை. அதையும் வைத்துக்கொள்கிறேன். அவர் சொன்னவற்றில் ஒரு வார்த்தையைக்கூட வெளியே போட எனக்கு மனம் இல்லை.